தனுஷ்கோடி வலைஞர்

தனுஷ்கோடி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவன இரண்டு. ஒன்று சேது தீர்த்தம். மற்றொன்று 1964-ஆம் ஆண்டுப் புயலில் கடல் கொண்ட புகைவண்டி. இரயில்வே இலாகாவில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் எனக்கும் அவ்வூர் முதலில் ஒரு நிலையத்தின் பெயராகவே அறிமுகமாயிற்று. ஆயினும் நிலையம் அழிந்த பின்னரும் அங்கே மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் வலைஞர். அவர்தம் வரலாற்றை எழுதுவார் அரியர்.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கே மணற்கரை ஒன்று நாக்குப் போல் நீண்டு கிடக்கின்றது. வடபால் பாக் நீரிணை. தென்பால் மன்னார் வளைகுடா. இவற்றை அங்குள்ளோர் பெண்கடல், ஆண்கடல் என வழங்குவர். வாடைக் காற்று வீசுங்கால் வடகடல் சீறும், தென்கடல் அடங்கும். கச்சான் காற்றில் இது மாறும். ஒரு கடல் மறுத்தால் மறுகடலில் வலையிடலாம். வெறு மணலில் குடியிருக்க வேறு காரணம் வேண்டுமோ?

கரைவலையே அவர்தம் பழந்தொழில். படகொன்று வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வரும். இரு முனை வடங்களையும் கரையில் இரண்டு அணியினர் பற்றி, அம்பாப் பாட்டிசைத்து இழுப்பர். நெடுநேரம் இழுத்தபின் மடி கரையேறும். ஒரு நாள் அதில் நெத்திலியும் சூடையும் துள்ளும். மற்றொரு நாள் பாசி மட்டுமே. வலைக்குரிய பங்கு போக எஞ்சியது இழுத்தோர்க்கு.

குடிநீருக்கும் அவர்கள் வழி கண்டிருக்கின்றனர். மணலில் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். மழைநீர் உப்புநீரினும் இலேசாதலால் அதன் மேலே தங்கி நிற்கின்றது. பொறுமையின்றி ஆழத் தோண்டினால் உவர் கலந்துவிடும். எந்தக் கல்லூரியும் இதனை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை!

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. சென்னையில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்பு வரை செல்லலாயிற்று. சுங்கச் சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் யாவும் எழுந்தன.

1964 டிசம்பர் 22 இரவு யாவும் போயின. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி நூற்றுக்கு மேற்பட்டோருடன் மூழ்கிற்று. குடியிருக்கத் தகாத இடமென அரசினர் அறிவித்தனர். சேதமுற்ற பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டது எங்கள் இலாகாவுக்குப் பெருமையே. ஆனால் தனுஷ்கோடி இருப்புப்பாதை கைவிடப்பட்டது.

வலைஞர் திரும்பி வந்தனர். மீன் இருக்குமிடத்தைப் புயல் மாற்றவில்லையன்றோ? ஓலைக் குடிசைகள் மீண்டும் எழுந்தன. அரசின் கணக்கில் அது குடியிருப்பு அன்று. ஆதலின் மின்விளக்கும் மருத்துவ வசதியும் நெடுங்காலம் எட்டவில்லை. 1974, 1976 உடன்படிக்கைகளால், பாட்டன்மார் தடையின்றி உலவிய கடலிலும் எல்லைக்கோடு விழுந்தது. இக்கொடுமை புயலினும் சிறிதென்று நான் கருதவில்லை. புயல் ஓரிரவில் ஓய்ந்தது.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. வருவோர் இடிந்த மாதா கோயில் முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். விடுமுறையில் ஊர் செல்லும் நம் சங்க அன்பர்கள் சற்றே அப்பால் நடந்து, கரைவலை இழுபடுவதையும் கண்டு வருக. குழந்தைகளை அவ்வடத்தில் ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள்.