'என் இனிய இயந்திரா': இளையோர் படித்த தமிழ்க் கேட்டுலகப் புனைவு

முன்னுரை

தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாறுகள் பாடல், கதை, நாடகம், மொழிபெயர்ப்பு என்னும் பகுப்புகளில் அமைகின்றன. தமிழ் நாவல் வரலாறுகள் சமூகம், வரலாறு, வட்டாரம் முதலிய பகுப்புகளைக் கொள்கின்றன. இவ்விரண்டிலும் அடங்காது நிற்பது, சுஜாதா (1935-2008) ஆனந்த விகடனில் 1980களில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா'. பதின்வயதினர் பலர் ஆர்வத்துடன் படித்த இந்நாவலை 'வெகுசனத் தொடர்' என்று கூறி ஒதுக்கும் போக்கு உண்டு. இந்நாவலின் அச்சம் இயந்திரத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பதிவேட்டின் வரிகளாகச் சுருக்கும் ஆட்சியைப் பற்றியது என்பதை நிறுவி, இலக்கிய வரலாற்றில் இதற்குரிய இடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேட்டுலகப் புனைவு

குறையற்ற நல்லுலகைக் கற்பிப்பதற்கு மாறாக, ஒழுங்கின் பெயரால் மனித உரிமை அழிந்த எதிர்கால உலகைக் காட்டும் படைப்பை மேலைத் திறனாய்வாளர் 'டிஸ்டோபியா' என்பர். அதனை இக்கட்டுரை 'கேட்டுலகப் புனைவு' என வழங்குகிறது. ருஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின், ஆல்டஸ் ஹக்ஸ்லி, ஜார்ஜ் ஆர்வெல் ஆகியோர் இவ்வகையின் முன்னோடிகள். ஆர்வெல்லின் நாவல் 1949இல் வெளிவந்தது. இளையோருக்கெனவே எழுதப்பட்ட கேட்டுலக நாவல்கள் பரவலான கவனம் பெற்றது பிற்காலத்தில்தான். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993இலும், சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இலும் வெளிவந்தன. தில்லியின் ஜுபான் பதிப்பகம், அனில் மேனன் ஆங்கிலத்தில் எழுதிய இளையோர் அறிவியல் நாவலை 2009இல் வெளியிட்டது. தமிழ் இளையோரோ இவற்றிற்கெல்லாம் முன்பே, வீட்டிற்கு வந்த வார இதழிலேயே கேட்டுலகைச் சந்தித்துவிட்டனர்.

பெயரும் எண்ணும்

கதை 2021ஆம் ஆண்டில் நிகழ்கிறது. ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். மக்களுக்கு எண் வழங்கப்பட்டுள்ளது. பெயர் இரண்டெழுத்தைக் கடத்தலாகாது. நிலா என்னும் இளம்பெண்ணின் கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி என்பவன் ஜீனோ என்னும் இயந்திர நாயுடன் அவள் வாழ்வில் நுழைகிறான்.

சம்யாத்தின் படைப்பில் மாந்தர் பெயர்களின் இடத்தில் எழுத்தும் எண்ணும் நிற்கின்றன. தலைமை மாந்தன் 'டி-503' என அழைக்கப்படுகிறான். சுஜாதா பெயரை முற்றிலும் நீக்கவில்லை, வெட்டிக் குறைக்கிறார். தமிழ்ச் சூழலில் இது நுட்பமான தேர்வாகும். உயர்திணைப் பெயர்கள் நிலம், குடி, தொழில், பண்பு முதலியவற்றின் அடியாகப் பிறத்தலைத் தொல்காப்பியப் பெயரியல் வகுத்துரைக்கிறது. ஊரும் தந்தையும் முன்னோரும் பெயரில் உறைவது தமிழ் மரபு. இரண்டெழுத்துச் சட்டம் அவ்வரலாறு முழுவதையும் துடைத்தெறிகிறது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. நிலா, சிபி, ரவி, மனோ ஆகியோர் பெயர்கள் மட்டுமன்றி, ஆள்வோனாகிய ஜீவாவின் பெயரும், இயந்திரமாகிய ஜீனோவின் பெயரும் இரண்டெழுத்தே. குடிமகனுக்குரிய பெயரளவே நாய்க்கும் உரியதாகிறது. நூல்களைப் படித்துச் சிந்திக்கும் ஜீனோ அஃறிணைப் பொருளாயினும் உயர்திணைப் பண்பை எய்துகிறது. மக்களோ பதிவேட்டுப் பொருளாகி அஃறிணை நிலைக்கு இழிகின்றனர். ஜீவா உண்மையில் முப்பரிமாண ஒளிப்படிமமே என்பது பின்னர் வெளிப்படுகிறது. அப்படிமத்தை எதிர்த்தோரே ஆட்சியைக் கைக்கொண்டு நிலாவைப் பெயரளவு அரசியாக்குகின்றனர். இதன் தொடர்ச்சியே 'மீண்டும் ஜீனோ'. கொடுங்கோலன் வீழ்ந்தால் கேடு தீர்ந்துவிடும் என்னும் எளிய ஆறுதலை ஆசிரியர் இளம் வாசகர்க்கு வழங்கவில்லை.

தில்லியின் நிழல்

சுஜாதா 1960களில் தில்லியில் வானூர்திப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றினார். பின்னர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றார். மக்களாட்சிக்கு இயந்திரம் துணைசெய்யும் என நம்பிய பொறியாளரே, ஒளிப்படிமம் ஆளும் நாட்டையும் கற்பித்தார். இயந்திரத்தின் மீது அவருக்குப் பகைமை இல்லை என்பதற்கு ஜீனோவே சான்று.

குழந்தை பெற அனுமதி என்னும் கற்பனை அன்றைய வாசகர்க்கு முற்றிலும் புதிதன்று. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நிலவிய நெருக்கடி நிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. தில்லித் துர்க்மான் வாயில் பகுதியில் 1976 ஏப்ரலில் வீடுகள் இடிக்கப்பட்டன. நாவலை இந்நிகழ்ச்சிகளின் நேரடிப் பதிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் உடலும் குடும்பமும் அரசின் கணக்கிற்குள் வரக்கூடும் என்பதை அத்தலைமுறை அறிந்திருந்தது.

கதை குறித்த 2021ஆம் ஆண்டும் கடந்துவிட்டது. இந்தியாவில் ஆதார் எண் வழங்கல் 2010இல் தொடங்கியது. தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்தது. ஆசிரியர் எதிர்காலத்தை முன்னறிந்தார் எனப் போற்றுவதினும், எண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு விவாதத்திற்குரியது என இளையோர்க்கு உணர்த்தினார் என்பதே தகும். நீதிமன்றத்தில் பின்னாளில் எழுந்த வினாவைத் தமிழ் மாணவர் சிலர் கதைவடிவில் முன்பே எதிர்கொண்டிருந்தனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். 'என் இனிய இயந்திரா' மேலைக் கேட்டுலகப் புனைவின் கூறுகளைத் தமிழ்ப் பெயரிடு மரபோடு இணைத்துத் தனித்தன்மை பெறுகிறது. இயந்திரத்திற்கு அறிவும் பரிவும் அளித்து, அதிகாரத்தையே ஐயத்திற்குரியதாக்குகிறது. இளையோர் இலக்கியம் என்னும் பெயர் தாங்காமலே அப்பணியை ஆற்றியுள்ளது. எனவே இளையோர் இலக்கியத்தை வெளியீட்டாளர் இட்ட பெயரால் மட்டும் வரையறுக்காது, வாசித்தோரையும் கொண்டு வரையறுத்தல் வேண்டும்.

தொடர் வெளிவந்த காலத்தில் பதின்வயதினராயிருந்தோர் இன்று ஐம்பது வயதை ஒட்டியோ கடந்தோ உள்ளனர். அவர்தம் வாசிப்பு நினைவுகளைத் தொகுத்தலும், படங்களோடு கூடிய இதழ்வடிவத்தை நூல்வடிவத்துடன் ஒப்பிடுதலும் தமிழ்த்துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய ஆய்வுகளாகும். நினைவும் பெயரும் அழிக்கப்படுவதைப் பற்றிய ஒரு நாவலின் வாசிப்பு வரலாறு, பதிவின்றி மறைந்துபோதல் தகாது.