பயிற்சி விமானத் தரையிறக்க விபத்துகள்

விட்டுவிட்டு அடிக்கும் பலத்த காற்றில் மாணவ விமானிகள் சிறு விமானங்களைத் தரையிறக்கும்போது நேரும் விபத்துகள். சென்னை வட்டாரத்தில் விமானப் பயிற்சி, 1930-இல் தொடங்கிய மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் மூலம் மீனம்பாக்கத்தில் வேரூன்றியது.

காற்று: ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் மேல்காற்று வலுக்கும். பிற்பகலில் கடற்காற்று பூந்தமல்லி, ஆவடி வரை உள்ளே புகும்போது காற்றின் திசையே மாறிவிடும். மாலை இடிமழைக்கு முன் சூறைக்காற்றும் வீசும்.

காரணங்கள்: எதிர்க்காற்று சட்டெனத் தணிந்தால் இறக்கையின் தூக்குவிசை குறைந்து விமானம் பொத்தென்று விழும், துள்ளும். மாணவர் பதறி விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் முறியலாம். பக்கக்காற்று விமானத்தை ஓடுபாதையிலிருந்து தள்ளிவிடும். செஸ்னா 172 விமானத்துக்குச் சோதனையில் நிரூபிக்கப்பட்ட பக்கக்காற்று அளவு 15 நாட்.

தடுப்பு: சீரான காற்றுக்கும் உச்ச வீச்சுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியை அணுகுவேகத்துடன் கூட்டுவது வழக்கம். துள்ளினால் முழு விசை கொடுத்து மீண்டும் மேலெழ வேண்டும்.

விசாரணை: இந்தியாவில் 2012 முதல் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இத்தகைய விபத்துகளை விசாரிக்கிறது.

தரையிறங்காமல் மேலெழுவது தோல்வியன்று. மாணவர் முதலில் கற்க வேண்டிய பாடம் அதுவே.