முட்டை மாத்திரையும் பன்னிரண்டு படிகளும்

கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் சில தடவை ஏற்றும்போது அநேகமாக ஒன்றும் ஆகாது. ஆறேழு தடவை ஏறிய பிறகு, அடங்கியிருந்த சினைப்பைப் புற்று திரும்பி வந்து மறுபடியும் அதே மருந்தை ஆரம்பிக்கிற நேரத்தில்தான் சிலருக்கு அலர்ஜி கிளம்பும். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், சரிகிற ரத்த அழுத்தம். நோய்க்குக் கட்டுப்படுகிற மருந்து அது, ஆனா கொடுக்க வழியில்லை.

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மருந்தை நூறில் ஒரு பங்கு வீரியம், பத்தில் ஒரு பங்கு, முழு வீரியம் என்று மூன்று பைகளாகக் கலந்து, 12 படிகளில் ஏற்றுவாங்க. முதல் 11 படிகள் கால் மணிக்கு ஒன்று. மீதி மருந்து முழுக்கக் கடைசிப் படியில். மொத்தம் ஆறு மணி நேரம் போல ஆகும். பாஸ்டனில் மரியானா காஸ்டெல்ஸ் குழு இப்படி 413 தடவை செய்து, அந்தக் கணக்கை 2008-ல் வெளியிட்டது. அத்தனை தடவையும் முழு அளவு மருந்து உள்ளே போயிருக்கிறது, ஓர் உயிர்கூடப் போகவில்லை.

காலையில் ஆகாத மருந்து சாயங்காலம் எப்படி ஆகிறது? அதைத் தேடப் போய்த்தான் பழைய லான்செட் இதழ்கள் வரை போய்ச் சேர்ந்தேன்.

1908-ல் ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்ட் என்ற லண்டன் மருத்துவர், முட்டை பட்டாலே வீங்கிப்போகிற 13 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பச்சை முட்டையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மாத்திரையாக்கி தினமும் கொடுத்தார். மெல்ல மெல்ல அளவைக் கூட்டினார். சில மாதங்களில் பையன் முட்டை சாப்பிட்டான். (வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். அட்ரினலின் ஊசியோடு ஆள் பக்கத்தில் இருக்கணும்.)

ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பெஸ்ரெட்கா கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். குதிரை சீரம் ஒத்துக்கொள்ளாத விலங்குக்கு அதையே துளியளவு முதலில் ஏற்றிவிட்டால், பிறகு கொல்லக்கூடிய அளவு போனாலும் தாங்கியது. எதிர்ப்பொருள் செலவாகிவிடுகிறது என்பது அவர் விளக்கம்.

1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லியோனார்ட் நூன், புல்லின் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டார். மகரந்தத்தில் ஏதோ நஞ்சு இருக்கிறது, அதற்குத் தடுப்பூசி போடுகிறோம் என்றுதான் நினைத்தார். அப்படி நஞ்சு எதுவும் கிடையாது. ஆனாலும் சிகிச்சை பலித்தது. 1913-ல் காசநோயில் நூன் இறந்துபோக, கூட்டாளி ஜான் ஃபிரீமன் தொடர்ந்தார். 1930-ல் ஊசிகளை நெருக்கி அவசரமாகப் போட்டு முடிக்கிற முறையையும் எழுதினார். ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டதும் இதே மருத்துவமனையில்தான். பின்னாளில் அந்தப் பென்சிலினுக்கே இந்தப் படி முறை தேவைப்பட்டது. அலர்ஜி உள்ள கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் வந்தால் வேறு நம்பகமான மருந்து இல்லை. 1985-ல் டல்லஸில் 15 கர்ப்பிணிகளுக்கு வாய்வழியாகப் படிப்படியாகக் கொடுத்து, பென்சிலின் சிகிச்சையை முடித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இருப்பது மாஸ்ட் செல். 1878-ல் பால் எர்லிக் வைத்த பெயர். ஜெர்மனில் கொழுக்கத் தீனி போடுவதைச் சொல்கிற வார்த்தை அது. உள்ளே அவ்வளவு மணிகள். அவற்றில் ஹிஸ்டமின் இருப்பது 1950-களில் தெரிந்தது, செல்மேல் உட்கார்ந்து ஆன்டிஜெனைப் பிடிக்கிற ஐஜிஈ 1960-களில். ஆன்டிஜென் இரண்டு ஐஜிஈக்களைச் சேர்த்து இழுத்தால் மணிகள் வெடித்துக் கொட்டும்.

அப்படியானால் சிறு அளவு கொடுக்கக் கொடுக்க சரக்கு தீர்ந்துபோகிறதா? எனக்கும் முதலில் தோன்றியது அதுதான். ஆனால் ஒரே எலி மாஸ்ட் செல்லை இரண்டு ஆன்டிஜென்களுக்குத் தயார்செய்து, ஒன்றுக்கு மட்டும் அடக்கிப் பார்த்தபோது, மற்றது பட்டதும் வழக்கம்போலக் கொட்டியது. சரக்கு அப்படியே இருக்கிறது. அந்த ஒரு ஆன்டிஜெனுக்கு மட்டும் செல் ஊமையாகிறது.

எப்படி என்பதில் ஆய்வகங்கள் ஒத்துப்போகவில்லை. ஐஜிஈயும் அதைத் தாங்கும் ஏற்பியும் சத்தமில்லாமல் உள்ளே இழுக்கப்படுகின்றன என்கிறது ஒரு தரப்பு. இல்லை, அவை மேலேயே தங்கிவிடுகின்றன, உள்ளே போகவேண்டிய சிக்னல்தான் போகவில்லை என்கிறது இன்னொன்று. அடங்கிய செல்லுக்குள் கால்சியம் பாய்வது குறைகிறது, ஆக்டின் இழைகள் தாறுமாறாக அமைகின்றன என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. எனக்கு அதுதான் சுவாரசியமான தடயமாகப் படுகிறது.

நூன் போட்ட மகரந்த ஊசியையும் இதையும் ஒரே பெயரில் சொல்வதுதான் குழப்பம். மகரந்த ஊசி வருஷக்கணக்கில் போட்டு, டி செல்களின் போக்கையே மாற்றுவது. நிறுத்தின பிறகும் பலன் நிற்கும். மருந்துக்குச் செய்கிற 12 படி அப்படியில்லை. மருந்து ரத்தத்தில் இருக்கிறவரைதான் செல் சும்மா இருக்கும், வடிந்து சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். அதனால் மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்த தவணைக்கு வரும்போது, அந்தப் பெண்ணுக்குத் திரும்பவும் முதல் பையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.