பழைய ஓட்டோ வேன்களில் ஓவர்டிரைவ் மின்கோளாறு

எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கியர்பெட்டியின் வெளித்தண்டு ஒன்றுக்கு மேல் சுற்றும்படி அமைந்த கடைசிக் கியரே ஓவர்டிரைவ். ஜப்பானின் ஐசின் வார்னர் நிறுவனம் 1977இல் ஓவர்டிரைவ் கொண்ட நான்கு கியர் தன்னியக்கப் பெட்டியை உருவாக்கியது. அந்த வழியில் வந்த டொயோட்டா ஏ43டி, வொல்வோ ஏடபிள்யூ70 போன்ற பெட்டிகளில் மூன்றாம் கியர் 1.00, ஓவர்டிரைவ் 0.69. அமெரிக்காவில் டொயோட்டா ஹைலக்ஸ் அடிச்சட்டத்தின் மேல் படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய சிறிய வீட்டு வண்டிகள் பலவும் இத்தகைய பெட்டியில்தான் ஓடின. அவற்றுள் ஒன்றுக்கு டொல்பின் என்று பெயர். இலங்கையில் டொல்பின் என்றால் 1990களின் ஹயேஸ் வேன். இங்கு வீட்டு வண்டி அரிது. பின்னிருக்கையைக் கழற்றி மெத்தை போட்டுப் பயணம் போகும் பழைய ஓட்டோ (தன்னியக்கக் கியர்) வேன்தான் அதற்கு ஈடு. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழையதைப் பழுதுபார்த்தே ஓட்டும் வழக்கம் அதனால் இன்னும் இறுகியது.

ஓவர்டிரைவ் விழவில்லை என்றதும் கராஜில் பெரும்பாலும் கேட்கும் தீர்ப்பு, 'கியர்பெட்டியை இறக்க வேண்டும்' என்பது. இது அவசரத் தீர்ப்பு. ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ் எல்லாம் உதறாமல், வழுக்காமல் விழுந்து, நான்காவது மட்டும் வராவிட்டால் எண்ணெய்ப் பம்பும் டோர்க் கொன்வேட்டரும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அந்த ஒரு கியருக்கென்றே தனியாக இருப்பவற்றுள் முக்கியமானவை கட்டுப்பாட்டு வால்வும், அதை மின்சாரத்தால் இயக்கும் சொலனொயிடும், சொலனொயிடுக்குப் போகும் மின்சுற்றும். இம்மூன்றில் பெட்டிக்கு வெளியே, சேறும் ஈரமும் படும் இடத்தில், முப்பது ஆண்டாகக் கிடப்பது பெரும்பாலும் வயர்தான். தேடலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வொல்வோவின் ஏடபிள்யூ70, 71 பெட்டிகளே இதற்குச் சான்று: ஓவர்டிரைவ் ரிலேயில் ஈயப்பற்று விரிசல் விட்டாலே நான்காம் கியர் போய்விடும், பெட்டிக்குள் ஒரு குறையும் இராது.

சோதனை எளிது, ஆனால் ஏமாற்றவும் செய்யும். வயரில் மீற்றரை வைத்தால் 12 வோல்ட் காட்டும், சொலனொயிட் அசையாது. மீற்றர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு என்பதால், பச்சை பூத்து ஒரே ஓர் இழை மிஞ்சிய வயரும் முழு வோல்டைக் காட்டிவிடும். சொலனொயிட் அப்படியல்ல. அக்கால டொயோட்டா கியர் சொலனொயிடுகளின் மின்தடை 11 முதல் 15 ஓம். ஏறக்குறைய ஓர் அம்பியர் கேட்கும். ஆகவே ஒரு சோதனை பல்பைக் கொழுவி, சுமையோடு பார்ப்பதே மெய்யான சோதனை. அதற்கும் முன்பு பியூஸ், எர்த் கம்பி, கியர் கைப்பிடியின் சுவிட்ச். இந்த வேன்களில் ஒரு தனித் தொல்லையும் உண்டு: ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு, பின்கெமரா, சிறு குளிர்பெட்டி என்று வாங்கியவர் ஒவ்வொருவரும் பழைய கம்பியிலிருந்து மின்னைக் கிள்ளி எடுத்து, டேப் சுற்றி விட்டிருப்பர். அந்த முடிச்சுகளையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

மின்சுற்றில் குறையே இல்லாமலும் ஓவர்டிரைவ் வராதிருக்கலாம். எஞ்சின் சூடேறாதவரை அதைத் தடுக்கும் வெப்ப உணரி பல மாதிரிகளில் உண்டு. வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த வேன், மலைநாட்டுக் குண்டசாலையின் குளிர்ந்த காலையில் நெடுநேரம் சூடேறாது. பழி கியர்பெட்டி மேல் விழும்! கணினி கட்டுப்படுத்தும் டொயோட்டாவில் ஓவர்டிரைவ் சுவிட்ச் போட்டிருக்கும்போதே 'ஓ/டி ஓஃப்' விளக்கு சிமிட்டினால், சோதனைச் செருகியில் டிஇ1, இ1 முனைகளை இணைத்துச் சிமிட்டல்களை எண்ணலாம். 62, 63 வந்தால் கியர் சொலனொயிடுகள், 42 வந்தால் வேக உணரி.

மலைநாட்டில் ஓவர்டிரைவ் எதற்கு என்று கேட்பார்கள். பாதி நியாயம். குண்டசாலையிலிருந்து ஏ26 வீதியில் திகன, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய தாண்டி, பதினெட்டு வளைவு இறங்கி மகியங்கனை போகும்வரை அதை நிறுத்தி வைப்பதே சரி. அதனால்தான் பழுது மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை. மகியங்கனைக்கு அப்பால் சமவெளி. அங்கே ஓவர்டிரைவ் இல்லையென்றால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 45 சதவீதம் கூடுதலாகச் சுழல வேண்டும். டீசல் செலவும் இரைச்சலும் கூடும்.

இன்னொரு கூட்டம், சொலனொயிடுக்கு நேரே 12 வோல்டை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்கிறது. சோதனைக்கு, ஓரிரு நிமிடம், அது நல்ல வழி: 'டிக்' என்ற ஓசை கேட்டு, சமதரை ஓட்டத்தில் நான்காவது விழுந்தால் பழுது மின்சுற்றில்தான் என்று உறுதியாகிவிடும். நிரந்தரமாக வைத்தால் ஓவர்டிரைவை நிறுத்தும் சுவிட்ச் செத்ததற்குச் சமம். பதினெட்டு வளைவில் எஞ்சின் பிடிப்புக் குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். மேலும், எல்லா மாதிரியும் மின் கொடுத்தால் ஓவர்டிரைவ் தருவதல்ல. சிலவற்றில் மின் வந்தால் அது தடைபடும். அத்தகைய வண்டியில் செருகியைக் கழற்றியதும் நான்காம் கியர் திரும்பினால், மின்சுற்றே குற்றவாளி, பெரும்பாலும் எங்கோ உரசிய வயர். வயரிங் படத்தைப் பாராமல் கை வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

உள்பழுது இல்லவே இல்லை என்பதல்ல வாதம். எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசினாலோ, நான்காவது விழுந்தபின் எஞ்சின் மட்டும் சீறி வண்டி பிந்தினாலோ, அது உராய்வுத் தட்டுகளின் தேய்வு. சொலனொயிட் ஓசை கேட்டும், சூடேறியும், சமதரையிலும் கியர் வராவிட்டால் வால்வு அடைத்திருக்கும். அப்போது எண்ணெய்த் தட்டைக் கழற்றலாம்.