நாலு வருஷமாகப் பரீட்சை எழுதும் பெண்ணும், ஒரு கணக்கு வாத்தியாரும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் தம்பி மகளிடம், நாலு பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்: "காலேஜ் முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. இன்னும் என்னம்மா பரீட்சை?" அவள் சிரித்துக்கொண்டே, "ஆக்சுவரி பரீட்சை அப்படித்தான் பெரியப்பா" என்றாள். மாடிக்குப் போனவள் சாப்பிடத்தான் இறங்கி வந்தாள். ஒரு தாளில் மூன்றாவது முறையும் தேறவில்லை என்று தம்பி பிறகுதான் சொன்னான்.

காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் கேட்கிற கேள்வியா அது? மனசு உறுத்தியது. அந்தப் படிப்பின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இருபத்தைந்து வயசில் பாலிசி எடுப்பவர் வருஷத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும், ஐம்பதில் எடுப்பவர் எவ்வளவு கட்ட வேண்டும், முப்பது வருஷம் கழித்துப் பென்ஷன் கொடுக்க இன்று நிதியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்பவர்தான் ஆக்சுவரி. அவர் கணக்குத் தப்பினால் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச்சேர வேண்டிய பணம் இல்லாமல் போகும்.

இந்தக் கணக்குக்கு முதலில் நல்ல அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து, எந்த வயசில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று 1693-இல் ஓர் அட்டவணை போட்டார்.

ஆனால் காப்பீடு நடத்தியவர்கள் அதை உடனே பயன்படுத்தவில்லை. லண்டனில் 1706-இல் தொடங்கிய அமிக்கபிள் சங்கத்தில் இளைஞருக்கும் நடுவயதினருக்கும் ஒரே சந்தா. 45 வயசு தாண்டினால் சேர்க்கவே மாட்டார்கள்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டாட்சன். லண்டன் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் கணக்கு வாத்தியார்! "வயசானவனைச் சேர்க்க மாட்டேன் என்பது நியாயமில்லை. வயசுக்கு ஏற்ற தொகையை வாங்கிக்கொண்டு சேர்த்தால் என்ன?" என்பதுதான் அவருடைய யோசனை. சேரும் வயசை வைத்துச் சந்தாவை நிர்ணயித்து, கடைசிவரை அதே தொகையைக் கட்ட வேண்டும். இளமையில் தேவைக்கு மேல் கட்டுவது சேமிப்பாக நின்று, முதுமையில் கைகொடுக்கும். இன்றைய ஆயுள் காப்பீட்டுக்கு அடிப்படையே இதுதான்.

டாட்சன் 1757-இல் இறந்துவிட்டார். அவர் கணக்கின்படி ஈக்விட்டபிள் சங்கம் 1762-இல்தான் தொடங்கியது. 'ஆக்சுவரி' என்ற பதவிப் பெயரும் அங்கேதான் பிறந்தது. லத்தீனில் அதற்கு எழுத்தர் என்று பொருள். 1775-இல் அங்கே ஆக்சுவரி ஆன வில்லியம் மார்கன் மருத்துவத் தொழில் கற்றவர். கணக்கை வேலைக்காகவே படித்துத் தேர்ந்து, 1830 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அப்போது ஆக்சுவரி ஆவதற்குப் பட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

1848-இல் லண்டனில் ஆக்சுவரிகளுக்கென்று ஒரு கழகம் உருவானது. பிறகுதான் பரீட்சைகள் வந்தன. எந்தக் கல்லூரியில் படித்தாய் என்பதைவிட, தாள்களில் தேறினாயா என்பதே முக்கியமானது. பகலில் அலுவலகம், இரவில் படிப்பு. 1923-இல் டாரதி டேவிஸ் அந்தக் கழகத்தின் முதல் பெண் ஃபெலோ ஆனார். நம் நாட்டில் 1944-இல் ஆக்சுவரிகள் சங்கம் தொடங்கியது. 2006-இல் வந்த சட்டத்தின் மூலம் அது இந்திய ஆக்சுவரிகள் கழகமாக மாறியது.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு தகவல். இதன் நுழைவுத் தேர்வை எழுத, ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துப் பிளஸ் டூ தேறியிருந்தால் போதும். அதற்குப் பிறகுதான் மலையேற்றம். புள்ளியியல், நிகழ்தகவு, வட்டிக் கணக்கு, பொருளாதாரம், நிதி என்று பத்துக்கும் மேற்பட்ட தாள்கள். ஒரு தாளை இரண்டு மூன்று முறை எழுதுவது அங்கே சாதாரணம். முழுத் தகுதி பெறப் பல வருஷம் ஆகும்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். மேல் வகுப்பில் கணங்கள் பாடத்தில் டி மார்கன் விதிகள் படித்தீர்களே, அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் ஜேம்ஸ் டாட்சனின் கொள்ளுப்பேரன்! சிறுவயதில் ஓர் அத்தையிடம், "டாட்சன் யார்?" என்று கேட்டாராம். வீட்டு அசிங்கத்தை வெளியே சொல்வதில்லை என்கிற மாதிரி பதில் வந்ததாம். கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர் என்பதே அந்தக் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல். வளர்ந்த பிறகுதான், தன் முன்னோரில் பெயர் சொல்லத் தகுந்தவர் அவர் ஒருவரே என்று பையனுக்குத் தெரிந்தது. அவரும் 1838-இல் நிகழ்தகவையும் ஆயுள் காப்பீட்டையும் பற்றி ஒரு நூல் எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. டாட்சன் பெயரை மறைத்த அந்த வீட்டுக்கும், பொங்கல் அன்று என் வீட்டுத் திண்ணையில் நான் கேட்ட கேள்விக்கும் பெரிய வித்தியாசமில்லை. புரியாத படிப்பைக் குறைவாக நினைப்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும் முடித்தவன். "பி.ஏ. கூட இல்லையா சார்?" என்ற கேள்வி எனக்கு எப்படி வலித்தது என்பதை நானே மறந்துவிட்டேன்.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மா, பெரியப்பா அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நாலாவது முறை எழுது. சொந்தங்களே, அடுத்த விசேஷத்தில் அவளைப் பார்த்தால் "பாஸா?" என்று கேட்காதீர்கள். "என்ன படிக்கிறாய், எனக்கும் சொல்" என்று கேளுங்கள். நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறாள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் சார்