விளையாட்டுக்குக் காசு கொடுப்பவர்களுக்கும் விதி வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் நம் ஊரில் ஒரு நல்ல காரியம் நடக்கும். வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் பழைய மாணவர்கள் காசு சேர்த்து அனுப்புவார்கள். கூடவே சில கேள்விகளும் வரும். காசை அதிபரிடம் கொடுப்பதா, பயிற்றுவிக்கும் ஆசிரியரிடம் கொடுப்பதா, நன்றாக ஓடும் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவதா? கொடுத்தவர் "இந்தப் பிள்ளையை அணியில் போடுங்கள்" என்று சொல்லலாமா?

இதே கேள்விகளோடு அமெரிக்கக் கல்லூரிகள் 170 வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டுகின்றன. அங்கே கல்லூரி விளையாட்டுக்குக் காசும் உதவியும் கொடுக்கும் ஆதரவாளரை 'பூஸ்டர்' என்பார்கள். அவர்களுக்கென்றே தனி விதிகள் உண்டு. அந்தக் கதையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

அங்கே இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் விளையாட்டுப் போட்டி 1852 ஆகஸ்ட்டில் நடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஏரி ஒன்றில் ஹார்வர்டும் யேலும் படகோட்டின. மாணவர்களின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. போட்டி பார்க்க வரும் கூட்டம் தன் ரயிலில் ஏறும் என்பதுதான் கணக்கு. ஆக, முதல் போட்டியிலேயே வெளியார் காசு வந்துவிட்டது.

பிறகு பழைய மாணவர்களும் வியாபாரிகளும் வந்தார்கள். 1929இல் கார்னகி நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவற்றில் வீரர்களுக்கு ஏதோ ஒரு வழியில் காசோ சலுகையோ போய்க்கொண்டிருந்தது. வேலையே செய்யாமல் சம்பளம், கடன் என்ற பெயரில் கொடை, பழைய மாணவர் தரும் உதவித்தொகை என்று பல வழிகள்.

1948இல் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் இதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டக்கோவை கொண்டுவந்தது. 1950இல் அதை மீறிய ஏழு கல்லூரிகளை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை. அடுத்த வருடமே அந்தக் கோவை கைவிடப்பட்டது. தண்டிக்க மனமில்லாத இடத்தில் விதி காகிதத்தோடு நின்றுவிடும்.

பின்னால் வந்த விதிகள் இறுக்கமானவை. ஒருவர் ஒருமுறை பூஸ்டர் ஆனால் எப்போதும் பூஸ்டர்தான். அவர் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுக்கலாம். ஆனால் வீரரின் கையிலோ வீட்டாரின் கையிலோ காசு, வாகனம், பரிசு எதுவும் கொடுக்கக் கூடாது. பாடசாலை மாணவரைத் தேடிப் போய் "எங்கள் கல்லூரிக்கு வா" என்று இழுக்கவும் கூடாது. அவர் தவறினால் தண்டனை அவரோடு நிற்காது, கல்லூரிக்கும் வரும்.

அந்தத் தண்டனையின் உச்சத்தை அனுபவித்தது டெக்சாஸ் மாநிலத்தின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். அதன் அமெரிக்கக் காற்பந்து அணி முன்பே பலமுறை தண்டிக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் பூஸ்டர் ஒருவரின் பணத்திலிருந்து 13 வீரர்களுக்கு சுமார் 61,000 டொலர் இரகசியமாகக் கொடுக்கப்பட்டது. 1987 பெப்ரவரியில் அந்த வருடப் பருவம் முழுவதும் இரத்தானது. 1988இல் பல்கலைக்கழகம் தானாகவே விளையாடாமல் ஒதுங்கியது. முன்பு அதன் நிர்வாக சபைத் தலைவராக இருந்த மாநில ஆளுநர் பில் கிளெமென்ட்ஸ், கொடுப்பனவு தொடர்வதற்குத் தாமும் இணங்கியதை ஒப்புக்கொண்டார். முன்னரே வாக்குக் கொடுத்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை என்பதுதான் காரணம். அந்த அணி மீண்டும் ஒரு பருவ இறுதி 'போல்' போட்டிக்குத் தகுதி பெற 2009 வரை ஆனது. கொடுத்தவருக்கு என்ன குறை? விளையாட முடியாமல் போனது பிள்ளைகள்தான்.

இன்னொரு விடயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே 1972இல் வந்தது. அதன்படி, பூஸ்டர்கள் ஆண்கள் அணிக்கு மட்டும் நல்ல உடையும் மைதானமும் கொடுத்தால், பெண்கள் அணிக்கும் அதற்கு ஈடானதைச் செய்யும் பொறுப்பு கல்வி நிறுவனத்தைச் சேரும். "இது வெளியார் தந்த காசு" என்று சொல்லித் தப்ப முடியாது.

காலம் மாறுகிறது. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகமே முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்குப் பகிரலாம். ஒளித்துக் கொடுத்ததை இப்போது பகிரங்கமாகக் கொடுக்கிறார்கள். ஆனாலும் வெளியாரோடு செய்யும் 600 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை அறிவித்தே ஆக வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம் என்பது மாறிவிட்டது. கணக்குக் காட்ட வேண்டும் என்பது மாறவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். றோயல், தோமியன் கிரிக்கெட் 1879இல் தொடங்கியது. அன்றிலிருந்து பெரிய பாடசாலைகளின் விளையாட்டைப் பழைய மாணவர்களே பெரிதும் தாங்கி வருகிறார்கள். நாமும் கொடுப்பவருக்கு எல்லை போட்டிருக்கிறோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபானக் கம்பெனிகள் விளையாட்டுக்கு அனுசரணை வழங்குவதைத் தடுத்தது. யார் காசு என்பதும் முக்கியம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, ஹப்புத்தளைப் பக்கத்துச் சிறிய பாடசாலைகளுக்கு அப்படிப் பெரிய பழைய மாணவர் பலம் இல்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று வெறுங்காலோடு ஓடி வலயப் போட்டிக்குத் தெரிவானால், ஒரு சோடி சப்பாத்துக்கே யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. வருகிற உதவி சிறியது. அதனால்தான் அதில் சந்தேகம் விழக்கூடாது. ஒருமுறை "காசு எங்கே போனது" என்ற பேச்சு எழுந்தால் அடுத்த வருடம் கொடுக்க ஆள் இருக்காது.

ஆகவே கொடுக்கும் சகோதரர்களிடம் என் வேண்டுகோள் இவைதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கொடுங்கள், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது அவமரியாதை இல்லை. ஒரு பிள்ளைக்குத்தான் உதவ விரும்பினாலும் பெற்றோருக்கும் அதிபருக்கும் தெரிந்து செய்யுங்கள். யார் ஓடுவது, யார் அணித்தலைவர் என்பதை ஆசிரியர்களிடம் விடுங்கள். உதைபந்தாட்டத்துக்குப் பத்து ரூபா கொடுத்தால் பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக்கு என்ன போகிறது என்றும் கேளுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. போட்டி முடிந்த கையோடு வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். கொடுத்த காசு எங்கள் கையில் இருக்கும் அமானிதம்.

உங்கள் பாடசாலையில் இது எப்படி நடக்கிறது? கீழே எழுதுங்கள். பாடசாலையின் பெயரோ ஆளின் பெயரோ வேண்டாம், நடைமுறையை மட்டும் சொல்லுங்கள்.