கங்காணியும் கைப்பேசியும்

ஆள் சேர்ப்பவரை நம்பி வேலைக்குப் போவது மலேசியத் தமிழர்களுக்குப் புதிய அனுபவமன்று. பெரும்பாலான குடும்பங்களின் மலாயா வாழ்வே அப்படித்தான் தொடங்கியது. பட்டமளிப்பு அங்கியைக் கழற்றிய கையோடு லிங்க்ட்இன் தளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, எந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்பாளர் கண்ணில் படுவோம் என்று இன்றைய பிள்ளை காத்திருக்கிறது. அதன் கொள்ளுத் தாத்தாவைக் கப்பலேற்றியவரும் ஓர் ஆள்சேர்ப்பாளர்தான். அவருக்குக் கங்காணி என்று பெயர்.

சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றத் தொடங்கியிருந்தது. கங்காணி வெளியாள் அல்லர். அதே தோட்டத்தில் பால்மரத்தடியில் வேலை பார்த்தவர். துரை அவருக்கு அனுமதிச் சீட்டும் முன்பணமும் கொடுத்து, "உன் ஊருக்குப் போய் ஆள் கூட்டி வா" என்று அனுப்பி வைப்பார். அவர் எங்கே போவார்? தம் கிராமத்துக்குத்தான். யாரைக் கூப்பிடுவார்? மாமன் மகனை, பங்காளியை, தம் சாதிக்காரரை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினால், ஒரு கிராமத்தின் ஒரு தெருவே மலாயாத் தோட்டமொன்றின் லயத்தில் குடியேறியிருக்கும்.

கூட்டி வந்த ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தரகு உண்டு. அத்தோடு முடியவில்லை. அவருடைய ஆட்கள் வேலைக்கு இறங்கிய நாளுக்கெல்லாம் 'தலைக்காசு' என்று தனியாகவும் கிடைத்தது. ஆள் படுத்துவிட்டாலும், பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டாலும் அந்தக் காசு போயிற்று. ஆகவே ஆளைச் சேர்ப்பதோடு, ஆளை நகரவிடாமல் வைத்திருப்பதும் அவருடைய தொழிலாகிவிட்டது. உறவுக்காரர் என்ற உரிமையோடு அவர் அதட்டும்போது எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

அந்தக் காலத்தைப் பற்றி நல்லதாகச் சொல்லவும் ஒன்று இருக்கிறது. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் அதற்குப் பணம் கட்டினார்கள். தொழிலாளியின் கப்பல் செலவு அதிலிருந்து போயிற்று. வேலைக்கு வருகிறவன் செலவை வேலை கொடுக்கிறவன் ஏற்க வேண்டும் என்ற கொள்கை நூறாண்டுக்கு முன்பே ஏட்டில் இருந்தது என்பதை, இன்று முகவருக்குப் பணம் கட்டிவிட்டு நிற்பவர்கள் அறிந்தால் வியப்பார்கள். 1938இல் இந்திய அரசு இத்தகைய உதவிக் குடியேற்றத்துக்குத் தடை போட்டது. கங்காணியின் ஆள்சேர்ப்பும் அதோடு ஓய்ந்தது.

ஆங்கிலம் படித்தவர்களின் வழி வேறு. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தோட்டத்துக் கிராணி வேலையிலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் நிறைந்திருந்தார்கள். அங்கே கங்காணி இல்லை. ஆனால் கடிதம் இருந்தது. முன்னே வந்த சிற்றப்பா எழுதுவார், பின்னே வருகிற பையன் அவர் வீட்டிலேயே தங்குவான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த தலைமுறை நாளிதழ் விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொண்டு, சான்றிதழ் நகலில் கையொப்பம் வாங்கி, கடப்பிதழ் அளவுப் படத்தை ஒட்டி அஞ்சலில் சேர்த்தது. பதில் வராத கடிதங்களே அதிகம்.

இந்த விளம்பரங்கள் உண்மையில் எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தன? அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் இதைக் கேட்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், அண்மையில் வேலை மாறிய படித்த ஆண்களை விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோர் அறிமுகமானவர் மூலமாகவே வேலை பெற்றிருந்தார்கள். அந்த அறிமுகமும் நெருங்கிய நண்பரோ உறவினரோ அல்லர். எப்போதாவது சந்திக்கும் பழைய சக ஊழியர், பாதி மறந்துபோன கல்லூரித் தோழர் போன்றவர்களே அதிகம். நெருங்கியவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தவரிடமிருந்துதான் புதுச்செய்தி வரும் என்று 1973இல் அவர் எழுதிய கட்டுரை விளக்கியது.

தோட்டப்புறத்துக் கதையை இதனோடு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை சுடுகிறது. கங்காணி கட்டிய சமூகம் முழுக்க நெருங்கிய உறவால் ஆனது. லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; லயத்துக்கு வெளியே தெரிந்தவர் மிகக் குறைவு. அங்கிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்குத் தேர்ச்சி இருந்தது. கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்திலோ வங்கியிலோ தெரிந்த மாமா இல்லை. நகரத்து மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு விருந்தில் கிடைக்கிற அறிமுகம் அதற்கு எங்கே கிடைக்கும்?

இணையம் இந்த இடத்தில்தான் வருகிறது. அமெரிக்காவில் 1994இல் மான்ஸ்டர் தளம் தோன்றியது. மலேசியாவில் மார்க் சாங் 1997இல் ஜோப்ஸ்திரீட் தொடங்கினார். 2014இல் அதை ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனம் வாங்கியது. இவை நாளிதழ் விளம்பரத்தையே திரைக்கு மாற்றியவை. 2003 மே மாதம் திறக்கப்பட்ட லிங்க்ட்இன் வேறு வகை. அது தொழில்முறை அறிமுகங்களைக் கண்ணுக்குத் தெரியும்படி விரித்துக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2016இல் அதை 2,620 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது என்றால் அறிமுகத்தின் விலை எவ்வளவு என்று புரியும்.

கிரானவெட்டரின் கருத்தைச் சோதிக்கவும் அதே தளம் உதவியது. ஐந்தாண்டுகளில் 2 கோடிப் பயனர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவு 2022இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. மிதமான தூரத்து அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் கைகொடுத்தன. முற்றிலும் முகமறியாதவர்கள் அவ்வளவு உதவவில்லை. ஆயிரம் பேரைக் கண்மூடித்தனமாகச் சேர்ப்பதைவிட, தன் துறையில் ஈராண்டு முன்னே போன பல்கலைக்கழக மூத்த மாணவரிடம் இரண்டு வரி எழுதிக் கேட்பது பயன் தரும் என்பதே இதன் பொருள்.

ஆள்சேர்ப்பு முகவரைப் பற்றியும் மயக்கம் வேண்டாம். நிறுவனம் காலியிடத்தைச் சொல்கிறது, முகவர் குறிச்சொற்களைப் போட்டுத் தேடுகிறார், ஆள் அமைந்தால் கட்டணத்தை நிறுவனம் கொடுக்கிறது. அவர் நிறுவனத்தின் ஆள். கங்காணி துரையின் ஆளாக இருந்ததைப் போல. அனுபவமில்லாப் பட்டதாரிக்காக நிறுவனங்கள் அவருக்குக் கட்டணம் கொடுப்பதும் அரிது. ஆகவே அவர் பதில் எழுதவில்லை என்று மனம் உடைய வேண்டியதில்லை.

மலேசியாவில் தனியார் வேலை முகவர்களுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் 1958 முதல் சட்டம் இருக்கிறது. 2011இல் அங்கே வேலை தேடுவோரிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பும் வந்தது. ஆனால் முகநூலில் வருகிற விளம்பரத்துக்கு உரிமம் யார் கேட்கிறார்கள்? 2022இல் கொழுத்த சம்பளம் என்ற ஆசைவார்த்தையை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களின் வளாகங்களில் அடைபட்டார்கள். கணினி முன் உட்கார்ந்து பிறரை ஏமாற்றும்படி மிரட்டப்பட்டார்கள். மீட்டு வர அரசாங்கம் பாடுபட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. அவர்களில் பலர் கணினி தெரிந்தவர்கள், பல மொழி பேசுபவர்கள், பட்டதாரிகள் என்றும் அந்த அறிக்கை குறிப்பிட்டிருக்கிறது.